தாடையாலேயே நடித்தவர்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் துப்பறியும் படங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டபோது, ‘மார்கரெட் ரூதர்ஃபோர்டு, அகதா கிறிஸ்டி நாவல்களில் துப்பறியும் பாட்டியான மிஸ் மார்ப்பிளாக வரும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை விட்டுவிடாதீர்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, அரசியலும் கிரிக்கெட்டும் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: யார் இந்த அம்மா? யூடியூபில் ஒரு படம் பார்த்தேன். அவர் வந்து நின்றாலே சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் காமெடி எதுவும் செய்கிற மாதிரியே தெரியவில்லையே? (வாசகி, திருச்சி)

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். அவர் காமெடி செய்வதே இல்லை. 1892இல் லண்டனில் பிறந்து, 33 வயதில் மேடையேறி, 44 வயதில் சினிமாவுக்கு வந்து, 71 வயதில் ஆஸ்கர் வாங்கிய ஆங்கில நடிகை. மடிப்பு மடிப்பாகத் தாடை, தொங்கும் கன்னம், தோளில் ஒரு மேலங்கி, எதையோ கண்டுபிடித்துவிட்டதைப்போல எப்போதும் விரிந்திருக்கும் கண்கள். தாடையை மட்டும் வைத்தே இவரால் நடித்துவிட முடியும் என்று எழுதினார் விமர்சகர் கென்னத் டைனன். பாராட்டாகத்தான்.

‘பிளைத் ஸ்பிரிட்’ படத்தைப் பாருங்கள், 1945இல் டேவிட் லீன் எடுத்தது. ஆவிகளோடு பேசும் மேடம் அர்காட்டி வேடம். இந்த மாதிரிப் பாத்திரம் என்றால் மற்றவர்கள் கண்ணைச் செருகி, குரலைக் கீழே இறக்கி, ஒரு மர்மத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள். இவரோ சைக்கிளில் வருகிறார்! வந்ததும் பள்ளிக்கூட டிரில் டீச்சர் மாதிரி அத்தனை சுறுசுறுப்பு, ஆரோக்கியம், நல்ல பசி. ஆவியை அழைப்பது அவருக்கு ஒரு வேலை, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கூடியிருக்கிற பெரிய மனிதர்கள் தன்னைக் கேலி செய்யத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று தெரியவரும்போது அந்த முகம் சட்டென்று வாடுகிறது பாருங்கள், அதுவரை சிரித்தவர்களுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியே வந்துவிடும். நோயல் கவர்டின் நாடகம் அது. 1941இல் போர்க்கால லண்டனில் மேடையேறி 1,997 காட்சிகள் ஓடியது. மேடையில் முதல் மேடம் அர்காட்டியும் இவர்தான். ஆனால் முதலில் தயங்கியிருக்கிறார். ஆவிகளை நம்புகிறவர்கள்மீது அவருக்கு மரியாதை இருந்தது, அவர்களைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. அந்த மரியாதையோடு நடித்ததால்தான் அது இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது என்பது என் கட்சி.

கேள்வி: அவர் சின்ன வயதில் நம் சென்னையில் இருந்தார் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா, வாட்ஸ்அப் கதையா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: உண்மை. ஆனால் பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான கதை இல்லை.

அவருடைய அப்பா வில்லியம் பென் மனநோயால் பாதிக்கப்பட்டவர். கல்யாணமான கொஞ்ச நாளில் நோய் முற்றி, 1883இல் தன் சொந்தத் தந்தையையே, அவர் ஒரு பாதிரியார், அடித்துக் கொன்றுவிட்டார். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் ஏழு வருடம். வெளியே வந்ததும் பென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு, தன் நடுப்பெயரான ரூதர்ஃபோர்டையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். (பின்னாளில் பிரிட்டிஷ் தொழிற்கட்சியில் பெயர் பெற்ற டோனி பென் இந்த வில்லியமின் அண்ணன் தம்பி வழிப் பேரன்.) மார்கரெட் பிறந்த பிறகு, பழையதை யாரும் கிளறாத ஓர் இடமாகப் பார்த்துக் குடும்பம் மதராஸுக்குக் கப்பல் ஏறியது. இங்கே, குழந்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போது, மறுபடி கர்ப்பமாக இருந்த அம்மா தற்கொலை செய்துகொண்டார்.

குழந்தையை விம்பிள்டனில் இருந்த பெரியம்மா பெஸ்ஸியிடம் அனுப்பிவிட்டார்கள். அப்பா பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி மறுபடியும் பிராட்மூருக்கே போனார். ‘அப்பா இறந்துவிட்டார்’ என்றுதான் மார்கரெட்டிடம் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மை தெரியவந்தபோது அவர் இன்னும் சிறுமி. தனக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை. மனச்சோர்வுக்காகப் பலமுறை மருத்துவமனையில் இருந்திருக்கிறார், மின்அதிர்ச்சி சிகிச்சையும் எடுத்திருக்கிறார். இவ்வளவும் உலகத்துக்குத் தெரியாமல்தான் அவர் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ‘சிரிப்புக்குப் பின்னால் சோகம்’ என்று இதை ஒரு பாட்டாக்கிவிடாதீர்கள். அவரே அதைச் சொல்லி யாரிடமும் அனுதாபம் தேடவில்லை.

கேள்வி: 33 வயதில் நடிக்க வந்தாரா! அதுவரை என்ன செய்தார்? (வாசகர், சேலம்)

பதில்: பியானோ டியூஷன். கூடவே பேச்சுப் பயிற்சி, அதாவது உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், கவிதை ஒப்பிப்பது. நடிப்பு ஆசை சிறுவயதிலிருந்தே இருந்தது, கையில் காசு இல்லை. பெரியம்மா இறந்தபோது கொஞ்சம் பணம் விட்டுப்போனார். அதை நம்பி 1925இல் ஓல்ட் விக் நாடகக் குழுவில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தார். ஒரு சீசன் முடிந்ததும் ‘போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் பியானோ டியூஷன்தான்!

அப்புறம் சின்ன ஊர்க் குழுக்கள், மாற்று நடிகை வேலை, ஆக்ஸ்ஃபோர்டில் கொஞ்சகாலம். லண்டனில் பெயர் கிடைக்க 1938 ஆயிற்று. அடுத்த வருடம் ஜான் கீல்குட் நடத்திய ஆஸ்கார் வைல்டின் ‘த இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தில் மிஸ் பிரிசம். ஞாபகமறதியில் கைக்குழந்தையை ஒரு கைப்பைக்குள் வைத்துத் தொலைத்துவிட்ட அந்த ஆசிரியை வேடத்தை 1952இல் சினிமாவிலும் அவரே செய்தார். குழந்தையை எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்கும்போது அந்த முகத்தில் ஓடுவதைப் பார்க்கவாவது அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கைப்பை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் குழந்தை விவகாரம் அவருக்கு மறந்தே போகிறது!

இளமையில் வந்திருந்தால் கதாநாயகி ஆகியிருப்பாரா? வாய்ப்பில்லை. அந்தக் கவலையே இல்லாத வயதில் வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

கேள்வி: மார்ப்பிள் படங்களில் கூடவே ஒல்லியாக, பயந்த சுபாவத்தோடு ஒரு பெரியவர் வருகிறாரே, அவர் யார்? நாவலில் அப்படி ஒருவர் இல்லையே? (வாசகி, கொழும்பு)

பதில்: அவருடைய வீட்டுக்காரர்! ஸ்ட்ரிங்கர் டேவிஸ். அகதா கிறிஸ்டியின் எந்த நாவலிலும் அப்படி ஓர் ஆள் கிடையாது. அந்த அம்மாவுக்காகவே ‘மிஸ்டர் ஸ்ட்ரிங்கர்’ என்று ஒரு நூலகரைப் படத்தில் நுழைத்தார்கள். அவர் நடிக்கும் இடத்தில் எல்லாம் இவருக்கும் ஒரு சின்ன வேடம் இருக்கும்; இல்லாவிட்டால் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்.

1930இல் ஆக்ஸ்ஃபோர்டு நாடகக் குழுவில் பழக்கம். கல்யாணம் எப்போது தெரியுமா? 1945. மணப்பெண்ணுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது. நடுவில் பதினைந்து வருடம் என்ன தடை என்று கேட்பீர்கள். மாமியார்தான். இந்தப் பெண் தன் பிள்ளைக்குச் சரிவராது என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தார். அவர் போன பிறகுதான் கல்யாணம். மாமியார்கள் உலகமெங்கும் ஒரே கட்சி.

கேள்வி: அகதா கிறிஸ்டிக்கு இவருடைய மிஸ் மார்ப்பிளைப் பிடிக்கவில்லை என்கிறார்களே? எனக்கும் ஜோன் ஹிக்சன் நடித்த தொலைக்காட்சித் தொடர்தான் பிடிக்கும். (வாசகர், கோவை)

பதில்: கிறிஸ்டிக்குக் கோபம் படங்கள்மீதும் அவற்றை எடுத்த எம்.ஜி.எம். நிறுவனத்தின்மீதும், நடிகைமீது இல்லை. 1962இல் வெளியான மார்ப்பிள் நாவலையே மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு, வியப்போடு, என்றுதான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

கோபத்தில் நியாயமும் உண்டு. நான்கு படங்கள் வந்தன. ‘மர்டர் ஷீ செட்’ (1961) மட்டும்தான் உண்மையிலேயே மார்ப்பிள் நாவல். அதிலும் ரயிலில் நடக்கும் கொலையை நாவலில் பார்ப்பது வேறொரு அம்மாள். படத்தில் மார்ப்பிளே பார்க்கிறார், மார்ப்பிளே வேலைக்காரியாக அந்த மாளிகைக்குள் நுழைகிறார், பிணத்தைத் தேடுவதற்குச் சாக்காகத் தோட்டத்தில் கோல்ஃப் பந்து அடித்துக்கொண்டு திரிகிறார். அடுத்த இரண்டும் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான புவாரோவின் நாவல்களை எடுத்து மார்ப்பிளுக்கு மாட்டிவிட்டவை. நான்காவது ‘மர்டர் அஹாய்’க்கு நாவலே கிடையாது, கதையை அவர்களே சமைத்துக்கொண்டார்கள். அது சுமார்தான், கப்பலில் வாள் சண்டை போடுகிற இடத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். எழுபது தாண்டிய அம்மா, கத்தியைப் பிடித்துக்கொண்டு முறையாக நிலை எடுத்து நிற்கிறார்!

நாவலில் வரும் மார்ப்பிள் மெலிந்தவர், மூலையில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கவனிப்பவர். ரூதர்ஃபோர்டு உள்ளே வந்தால் மூலை ஏது? தன் சொந்த உடைகளையே படத்தில் போட்டுக்கொண்டவர் அவர், ஆக மார்ப்பிள்தான் அவராக மாறினாரே தவிர அவர் மார்ப்பிளாக மாறவில்லை. நாவலுக்கு உண்மையானவர் ஹிக்சன்தான், சந்தேகமே இல்லை. 1984 முதல் 1992 வரை பி.பி.சி.யில் பன்னிரண்டு நாவல்களிலும் நடித்தார். உங்களுக்காக ஒரு விஷயம்: ‘மர்டர் ஷீ செட்’ படத்தில் மாளிகையில் வேலை செய்யும் மிஸஸ் கிட்டர் என்ற அம்மாளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹிக்சனேதான். வருங்கால மார்ப்பிள் அடுப்படியில் நிற்க, அன்றைய மார்ப்பிள் வேலைக்காரி வேஷத்தில் பக்கத்தில் நிற்கிறார்.

கேள்வி: ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது? (வாசகர், மதுரை)

பதில்: ‘த வி.ஐ.பி.ஸ்’ (1963), துணை நடிகைக்கான விருது. பனிமூட்டத்தால் லண்டன் விமானநிலையத்தில் மாட்டிக்கொண்ட பணக்காரர்களின் கதை. எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும்தான் ஜோடி, அவர்களுடைய காதல் அப்போது உலகச் செய்தி. மக்கள் அவர்களைப் பார்க்கத்தான் தியேட்டருக்குப் போனார்கள், விருதை இந்த அம்மா தட்டிக்கொண்டு போனார். மாளிகையைக் காப்பாற்றப் பணமில்லாமல், வயதான காலத்தில் அமெரிக்காவுக்கு வேலைக்குக் கிளம்பும் ஒரு சீமாட்டி. விமானம் ஏறப் பயம், அதற்கு மாத்திரை, மாத்திரையால் வரும் குழப்பம். டெய்லர் அழும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டை விட்டுப் போகவேண்டியிருக்கிறதே என்று இவர் தவிக்கும்போதுதான் என்னவோ செய்தது.

கேள்வி: கடைசிவரை கிழவி வேடம், கிறுக்கு வேடம் மட்டும்தானா? பாவம் இல்லையா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சினிமாக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் கொடுத்தார்கள், வீணடித்தார்கள் என்றே சொல்வேன். மேடையில் அவர் ‘ரெபெக்கா’வின் மிஸஸ் டான்வர்ஸாக, அந்தப் பயங்கரமான பணிப்பெண்ணாக, 1940இல் நடித்திருக்கிறார். சினிமாவில் அந்தப் பக்கத்தைக் கண்டுகொண்டவர் ஆர்சன் வெல்ஸ். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து அவர் எடுத்த ‘சைம்ஸ் அட் மிட்நைட்’ படத்தில் இவர் விடுதிக்காரி. கதையின் நாயகனான குடிகாரக் குண்டன் ஃபால்ஸ்டாஃப் எப்படி இறந்தான் என்று சொல்லும் ஒரே ஒரு பேச்சு. கையைக் காலைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாய்ச் சில்லிட்டிருந்தது என்று போகும் அந்த வசனத்தில் சிரிப்புக்கும் வாய்ப்பு உண்டு, அழுகைக்கும் உண்டு. இவர் இரண்டையும் தேடிப் போகாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். சாப்ளின் தன் கடைசிப் படத்தில் இவருக்கு ஒரு சின்ன வேடம் கொடுத்தார். அதே 1967இல் பிரிட்டிஷ் அரசின் டேம் பட்டமும் வந்தது. ஆனால் அதற்குள் ஞாபகம் தவற ஆரம்பித்துவிட்டது. 1966இல் ஒரு நாடகத்தைச் சில வாரங்களிலேயே விடவேண்டியதாயிற்று. 1972இல் இறந்தார். அடுத்த வருடமே ஸ்ட்ரிங்கரும்.

கேள்வி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி சொல்லுங்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: ‘த ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்’ (1950). அதிகாரிகள் செய்த குளறுபடியால் ஒரு பெண்கள் பள்ளி முழுவதும், டீச்சர்கள் பெட்டி படுக்கையோடு, ஆண்கள் பள்ளிக்குள் வந்து இறங்குகிறது. தலைமையாசிரியை இவர், தலைமையாசிரியர் அலெஸ்டர் சிம். ஒரே நேரத்தில் ஒரு குழு பெற்றோருக்குப் பையன்களை மறைக்க வேண்டும், இன்னொரு குழுவுக்குப் பெண்களை மறைக்க வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது பிடித்தால் மார்ப்பிள் படங்களில் ‘மர்டர் அட் த கேலப்’, அதில் ஸ்ட்ரிங்கரோடு டுவிஸ்ட் ஆடுகிறார். ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’வைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் பாருங்கள், லண்டனின் ஒரு பேட்டை உண்மையில் பர்கண்டி நாட்டுக்குச் சொந்தம் என்று பழைய ஓலையை வைத்துக்கொண்டு சட்டமாக நிரூபிக்கிற பேராசிரியை வேடம், ரேஷன் கெடுபிடியில் சலித்துப்போயிருந்த 1949ஆம் வருட ஜனங்கள் கைதட்டியதில் ஆச்சரியமே இல்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து ஆங்கிலம் கொஞ்சம் வேகமாக ஓடும்.