யாகப் புகையும் கப்பல் புகையும்

கேள்வி: யாகம் வளர்த்தால் அந்தப் புகைத் துகள்கள் மேகத்தில் சேர்ந்து மழை பெய்யும், விஞ்ஞானமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: அந்தக் கணக்குப்படி குப்பைமேடு புகைகிற நாளெல்லாம் மதுரையில் அடைமழை கொட்டி, வைகை இரு கரையும் தொட்டு ஓட வேண்டுமே!

சொன்னவர் பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டார், அதுதான் தொல்லை. நீராவி வெறும் காற்றில் தானாகத் துளியாகாது. ஒட்டிக்கொள்ள உப்போ தூசியோ புகைத்துகளோ வேண்டும். மார்கழி விடியலில் தெப்பக்குளத்தைச் சுற்றி வண்டியில் போனால் மூக்குக்கண்ணாடியை நனைக்கிறதே மூடுபனி, அதுவும் அப்படித் துகளைப் பிடித்துக்கொண்டு உருவானதுதான். ஆனால் துகள் கூடக்கூட மழை கூடும் என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்குச் சாட்சி கடலில் இருக்கிறது. 1960களிலேயே செயற்கைக்கோள் படங்களில், பசிபிக் கடலின் தாழ்வான மேகங்கள் மேல் யாரோ சுண்ணாம்பால் இழுத்தது போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கோட்டுக்குக் காரணம் கீழே போன கப்பல். அதன் கந்தகப் புகை மேகத்துக்குள் ஏறியதும், நூறு பேருக்கு வடித்த சோற்றுக்கு ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்த கதைதான்: இருக்கிற ஈரத்தை அத்தனை துகளும் பங்கு போட்டுக்கொள்ள, துளி சிறுத்துப்போகிறது. சிறுதுளி மேகம் நன்றாக வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் மோதிச் சேர வேண்டும், பொடித்துளிகள் லேசில் மோதாது. ஆக, இந்த மாதிரி மேகத்தில் புகை மழையைத் தள்ளித்தான் போடுகிறது. கடலலை தெறிக்கும் பருமனான உப்புத்துகள் வேறு சாதி. அது பெரிய துளியாக வளர்ந்து மழையைத் தொடங்கிவைக்கும்.

கரி இன்னும் மோசம். 1999இல் வளிமண்டல விஞ்ஞானிகள் வீ. ராமநாதனும் (நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்) பால் குருட்சனும் முன்னின்று மாலத்தீவிலிருந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், தெற்காசியாவிலிருந்து போன பழுப்புப் புகைமூட்டம் கடல்மேல் படர்ந்து கிடந்ததைப் பார்த்தார்கள். அதிலுள்ள கரி வெயிலை உறிஞ்சி, காற்றைச் சூடாக்கி, மேகத்தையே கரைத்துவிடக்கூடியது. விறகு, வறட்டி, டீசல் எல்லாம் சேர்ந்த புகை அது. யாககுண்டத்தில் எரிவதும் விறகுதானே?

கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக 2020இல் குறைத்தார்கள், அந்த வெள்ளைக் கோடுகளும் வெகுவாகக் குறைந்தன. காற்றுக்கு நல்லது, ஆனால் வெயிலுக்கு இருந்த மறைப்பு விலகியதால் கடலுக்குச் சூடு எவ்வளவு கூடியது என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மதுரைக்கு வருவோம். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் ஈரம் வந்தால்தான். அது வராத வருஷத்தில் குறைவது ஈரம், துகள் அல்ல. துகள் நம் ஊர்க் காற்றில் ஏராளம். விமானத்திலிருந்து உப்புத் தூவுகிறார்களே என்பீர்கள். அது துகளின் அளவு பார்த்து, ஏற்கெனவே திரண்டு நிற்கிற மேகத்துக்குள் தூவுவது, அதிலும் பலன் நிச்சயமில்லை.