விம்பிள்டனை நேரில் பார்க்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

லண்டனில் டூட்டிங் பகுதியில் குடியிருக்கிறேன். விம்பிள்டன் டென்னிஸ் மைதானம் எங்களுக்கு ஒரு பேருந்து தூரம்தான். 2014-லிருந்து, போட்டியே நடக்காத 2020-ஐயும் வரிசை இல்லாத 2021-ஐயும் விட்டால், வருடம் தவறாமல் வரிசையில் நின்று உள்ளே போயிருக்கிறேன். இந்த முறை ஊரிலிருந்தும் இங்கிருந்தும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலையும் நேரமும் 2025-ஆம் ஆண்டு நிலவரம். கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஜூலை முதல் வாரம் லண்டன் வருகிறேன். கையில் டிக்கெட் இல்லை. நேரே போய் நின்றால் உள்ளே விடுவார்களா? (சென்னையிலிருந்து)

விடுவார்கள். அன்றைக்கு வந்து நிற்பவருக்கும் நல்ல இடம் எடுத்து வைத்திருக்கும் பெரிய போட்டிகள் இப்போது மிகக் குறைவு. விம்பிள்டன் அதை இன்னும் கைவிடவில்லை. சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 ஆகிய மூன்று பெரிய கோர்ட்டுகளுக்கும் தினமும் சுமார் 500 டிக்கெட் வீதம் வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். கடைசி நான்கு நாட்கள் மட்டும் சென்டர் கோர்ட்டுக்குக் கிடையாது. இவை போக, அந்த மூன்றைத் தவிர மற்ற வெளிக் கோர்ட்டுகளைச் சுற்றிப் பார்க்க ஆயிரக்கணக்கில் 'கிரவுண்ட்ஸ்' டிக்கெட் இருக்கிறது. 30 பவுண்ட்.

பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்காதீர்கள். டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற மெட்ரோ ரயிலில் சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் பதினைந்து நிமிட நடை. வரிசை விம்பிள்டன் பார்க் புல்வெளியில் நிற்கும். போனதும் தேதியும் எண்ணும் அச்சிட்ட ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதை உள்ளே போகும் வரை தொலைக்காதீர்கள். வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது, பின்னால் வரும் நண்பருக்கு இடம் பிடித்து வைக்கவும் முடியாது. கழிவறைக்கோ காபி வாங்கவோ போகலாம், ஆனால் அரை மணிக்கு மேல் காணாமல் போகக் கூடாது.

சென்டர் கோர்ட்தான் வேண்டும் என்றால் முந்தைய நாளே வந்து கூடாரம் போட வேண்டும். கிரவுண்ட்ஸ் டிக்கெட் போதும் என்றால் காலை ஆறு மணிக்குள் நான் போய்விடுவேன். பத்து மணிக்குக் கதவு திறக்கும். வெளிக் கோர்ட்டுகளில் பதினொன்றுக்கும், நம்பர் 1-இல் ஒரு மணிக்கும், சென்டரில் ஒன்றரைக்கும் ஆட்டம் தொடங்கும். டிக்கெட் செல்பேசியில்தான் வரும் என்பதால் விம்பிள்டன் செயலியை முதல் நாளே இறக்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். பவர் பேங்க் அவசியம்.

அடுத்த வருடம் வரும் திட்டம் இருந்தால் டிக்கெட் குலுக்கலுக்கும் பெயர் கொடுத்து வையுங்கள். 1924-லிருந்து நடக்கிறது. எந்த நாள், எந்த கோர்ட் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் தனியாக வரும் பெண். இரவில் கூடாரத்தில் தங்குவது பாதுகாப்பா? (லீட்ஸில் படிக்கும் மாணவி)

என் அனுபவத்தில் பாதுகாப்புதான். நானும் முதல் முறை தனியாகத்தான் போனேன். இரவு முழுக்க ஊழியர்கள் சுற்றி வருவார்கள், கழிவறை திறந்தே இருக்கும். ஒரு கூடாரத்தில் அதிகபட்சம் இரண்டு பேர், அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் சத்தம் அடங்கிவிடும். விடிகாலையில் ஊழியர்கள் கூடாரத்தைத் தட்டி எழுப்புவார்கள். எல்லாவற்றையும் மடித்துப் பொருள் வைக்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஜூலை என்றாலும் அதிகாலையில் புல்லில் பனி ஊறிக் குளிரும். தடிமனான விரிப்பும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வாருங்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள், இரவு போவதே தெரியாது.

இவ்வளவு செலவு செய்து வந்து, பெரிய கோர்ட்டுக்குள் போகாமல் வெளியில் மட்டும் சுற்றினால் ஏமாற்றமாக இருக்காதா?

இந்தக் கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது. இருக்காது. முதல் முறை வருபவர் என்றால் வெளிக் கோர்ட்டைத்தான் முதலில் பாருங்கள் என்பேன்.

தொலைக்காட்சியில் கேமரா பின்னால் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வலை தாழ்வாகத் தெரியும், பந்து சாவகாசமாகப் போய் வருவது போல இருக்கும். பக்கவாட்டில், தரை மட்டத்தில் உட்கார்ந்தால்தான் வலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் பந்து போகிறது, சுழற்சியில் எப்படித் திடீரென்று கீழே விழுகிறது, புல்லில் பட்டு எப்படி எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் தெரியும். 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வ் (பாயிண்டைத் தொடங்கி வைக்கும் அடி) எதிராளியிடம் வந்து சேர அரை வினாடி போல ஆகும். அந்த அரை வினாடி எவ்வளவு சின்னது என்று எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

போன முறை 15-ஆம் கோர்ட்டில் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. சர்வ் செய்யப்போன பெண் பந்தை நான்கு தடவை தரையில் தட்டினாள். நான்காவது தட்டுக்குப் பிறகு அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம். பந்து மட்டையின் நடுவில் பட்டால் 'டொப்' என்று ஒரு கனத்த ஒலி, ஓரத்தில் பட்டால் வறண்ட சத்தம். பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டே நல்ல அடி எது என்று சொல்லிவிடலாம். செட்டை இழந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டாள். அந்தத் துண்டு மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. இதைச் சென்டர் கோர்ட்டின் மேல் வரிசையிலிருந்து பார்க்கவே முடியாது.

முதல் திங்களும் செவ்வாயும் வாருங்கள். ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் சேர்த்து முதல் சுற்றில் 128 ஒற்றையர் ஆட்டம், அத்தனையும் இந்த இரண்டு நாளில்தான் தொடங்கும். 3 முதல் 18 வரையுள்ள கோர்ட்டுகளில் (13 என்ற எண்ணே கிடையாது) முன்பதிவு இல்லாத இருக்கைகளில் முதலில் வருபவர் உட்காரலாம். 18-ஆம் கோர்ட்டுக்கு அவசியம் போங்கள். 2010-இல் இஸ்னர், மஹூட் என்ற இரண்டு வீரர்கள் ஒரே ஆட்டத்தை மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடிய இடம் அது. கடைசி செட் மட்டும் 70-68. சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள்.

பெரிய கோர்ட்டும் பார்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பாதியில் கிளம்புகிறவர்கள் தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை மதியம் மூன்று மணிக்கு மேல், உள்ளே இருப்பவர்களுக்கு 10, 15 பவுண்டுக்கு மறுபடி விற்கிறார்கள். 1954-லிருந்து இருக்கும் ஏற்பாடு, பணம் அறக்கட்டளைக்குப் போகிறது. நான் சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்த மூன்று தடவையும் இப்படித்தான்.

அம்மா, எனக்கு 72 வயது. ராமநாதன் கிருஷ்ணன் ஆடிய ஆடுகளத்தை ஒரு முறை பார்க்க ஆசை. முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க முடியுமா? (தஞ்சாவூரிலிருந்து)

ஐயா, வரிசை என்று பெயரே தவிர, பெரும்பாலான நேரம் புல்லில் உட்கார்ந்திருப்பதுதான். மடக்கு நாற்காலி கொண்டு வரலாம். நடக்க, நிற்கச் சிரமம் என்று வந்தவுடனேயே ஊழியரிடம் சொல்லுங்கள், உதவுவார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு. போட்டி இல்லாத மாதங்களில் வாருங்கள். அங்கேயே டென்னிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் சீட்டு எடுத்தால் சென்டர் கோர்ட்டுக்குள் கூட்டிப் போய் உட்கார வைப்பார்கள். கூட்டம் இருக்காது. கிருஷ்ணன் 1960-இல் அரையிறுதி வரை போய் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்று, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். ஆளில்லாத சென்டர் கோர்ட்டில் அந்தப் பச்சை இருக்கையில் அரை மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துப் பார்க்கலாம். உங்கள் ஆசைக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

சாப்பாடு கொண்டு போகலாமா?

தாராளமாக. ஆளுக்கு ஒரு சின்னப் பை அனுமதி, அதில் உணவு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். நான் முந்தைய இரவே புளியோதரை கிளறிவிடுவேன், மறுநாள் மதியம் வரை கெடாது. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும். தண்ணீர் பாட்டிலை உள்ளே இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2025 முதல் நாள் 32 டிகிரியைத் தாண்டிய வெயில். சென்டர் கோர்ட்டில் ஒரு பார்வையாளர் மயங்க, ஆடிக்கொண்டிருந்த அல்கராஸே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்து வாருங்கள்.

க்ரீம் ஊற்றிய ஸ்ட்ராபெரி ஒரு கிண்ணம் 2.70 பவுண்ட். வெகு காலம் 2.50-ஆகவே இருந்து 2025-இல்தான் ஏறியது. அந்த மைதானத்தில் விலைக்கு மதிப்பான பண்டம் அது ஒன்றுதான் என்பேன்.

நான்கு வயதுப் பையனை அழைத்து வரலாமா?

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளைப் பெரிய கோர்ட்டுகளுக்குள் விடமாட்டார்கள். கிரவுண்ட்ஸ் டிக்கெட்டோடு வந்து ஹென்மன் ஹில் மேட்டில் விரிப்பைப் போடுங்கள். பெரிய திரை இருக்கிறது, பையன் புரண்டு விளையாடலாம், கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊரில் விசிலடித்துப் பார்த்த பழக்கம். அங்கே ரொம்பக் கெடுபிடி என்கிறார்களே?

நானும் நுங்கம்பாக்கத்தில் வளர்ந்த ரசிகைதான். 2008 ஜனவரியில் சென்னை ஓபன் போட்டியில் நடாலும் மோயாவும் ஆடிய அரையிறுதியை அங்கே பார்த்தேன். மூன்று செட்டும் சமனில் நின்று டை-பிரேக்கரில்தான் முடிந்தது, நான்கு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம்தான் குறைவு. மறுநாள் தொண்டை கட்டிவிட்டது. (அந்த ஆட்டத்தில் ஜெயித்த நடால் இறுதியில் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். அவ்வளவு களைப்பு.)

விம்பிள்டனிலும் கத்தலாம். பாயிண்ட் முடிந்த பிறகு கத்த வேண்டும், அவ்வளவுதான். பந்தைத் தூக்கிப் போடும் முன் கூட்டம் மொத்தமும் அடங்கும். சென்டர் கோர்ட்டில் பதினைந்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதி எனக்குக் கைதட்டலை விடப் பிடிக்கும். ஒருவர் டபுள் ஃபால்ட் செய்தால் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்டை இழந்தால்) கைதட்டுவது நாகரிகம் இல்லை. எழுந்து போவதும் வந்து உட்காருவதும் வீரர்கள் பக்கம் மாறும்போது மட்டும். வாசலில் நிற்கும் ராணுவத்தினரும் தீயணைப்பு வீரர்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதுவரை நிறுத்தி வைப்பார்கள். விடுப்பில் வந்து தொண்டு செய்பவர்கள் அவர்கள், அன்பாகப் பேசுங்கள். வெள்ளை உடை ஆடுபவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. புடவையில் போயிருக்கிறேன்.

கோட்டருகே நிற்கும் நடுவர்கள் இப்போது இல்லையாமே. வித்தியாசம் தெரிகிறதா?

தெரிகிறது. 2025-லிருந்து பதிவு செய்த குரல்தான் 'அவுட்' என்கிறது. தீர்ப்பு சரியாக இருக்கலாம், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. முன்பெல்லாம் வீரர் தீர்ப்பைத் திரையில் சரிபார்க்கச் சொல்லிச் சேலஞ்ச் கேட்டதும், திரையில் பந்து உருண்டு வரும் வரை கூட்டம் சேர்ந்து மெதுவாகக் கைதட்டி வேகம் கூட்டும். அந்தச் சில நொடி நாமும் ஆட்டத்தில் இருந்தோம். அது போய்விட்டது.

வெளியே நிற்பவரிடம் கூடுதல் விலைக்கு டிக்கெட் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். குலுக்கலில் வந்ததும் வரிசையில் வாங்கியதும் பெயர் மாற்ற முடியாதவை. டிபெஞ்சர் எனப்படும் கடன் பத்திர இருக்கைகளை மட்டும்தான் முறைப்படி கை மாற்றலாம், விலை மிக அதிகம். என் சிநேகிதி ஒருத்தி ஊரிலிருந்து வந்த பெற்றோருக்காக 600 பவுண்ட் கொடுத்து ஒருவரிடம் வாங்கினாள். வாசலில் மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா ஒன்றுமே சொல்லாமல் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார். இன்றும் அதைச் சொன்னால் அவளுக்குக் கண் கலங்கும்.

நம்மவர்கள் யாராவது ஆடுவதைப் பார்க்க எந்த நாள் வருவது? (கோயம்புத்தூரிலிருந்து)

உங்கள் ஊர்க்காரர் ஸ்ரீராம் பாலாஜி இரட்டையர் பிரிவில் இங்கே ஆடியிருக்கிறார். இரட்டையர் ஆட்டங்கள் முதல் வாரம் புதன்கிழமை வாக்கில் தொடங்கும், பெரும்பாலும் வெளிக் கோர்ட்டுகளில். அன்றைய அட்டவணை முந்தைய மாலையே வந்துவிடும். இரண்டாவது வாரம் வந்தால் ஜூனியர்களைப் பாருங்கள். ரமேஷ் கிருஷ்ணன் 1979-இலும் லியாண்டர் பயஸ் 1990-இலும் அந்தப் பட்டத்தை ஜெயித்தவர்கள்.

மழை வந்தால்?

சென்டருக்கும் நம்பர் 1-க்கும் கூரை உண்டு, அங்கே ஆட்டம் தொடரும். மற்ற இடங்களில் தார்ப்பாய் விழும். குடையோடு காத்திருக்க வேண்டியதுதான். கிளம்பிவிடாதீர்கள். பாதிக் கூட்டம் போன பிறகு வானம் வெளுத்தால் நல்ல இடம் எல்லாம் உங்களுக்கு.

மாலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் கூட்டத்தில் மாட்டாமல் வீடு போகலாம்?

ஐந்து, ஆறு மணிக்குப் பலர் கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். ஜூலை தொடக்கத்தில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஏழரைக்கு மேல் 14 முதல் 17 வரையுள்ள கோர்ட்டுகளில் முதல் வரிசையே காலியாகக் கிடக்கும். வெயில் சாய்ந்து நிழல் நீண்டு, இரண்டு பேர் ஐந்தாவது செட் ஆடிக்கொண்டிருப்பார்கள், சுற்றி நாற்பது ஐம்பது பேர்தான் இருப்பார்கள். இருட்டி, அம்பயர் இறங்கி வந்து ஆட்டத்தை நாளைக்குத் தள்ளும் வரை அங்கே இருங்கள். அப்புறம் 493-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் விம்பிள்டன் ஸ்டேஷன்.