பழைய காரை வெட்டி பிக்கப் ஆக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

கடலூர் முதுநகரில் டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். கார், ஜீப், மினி லாரி பாடி வேலைதான் தொழில். வீட்டில் சும்மா நிற்கும் பழைய காரின் பின்பக்கத்தை வெட்டிச் சாமான் ஏற்றும் வண்டியாக மாற்ற முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பண்ருட்டியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அப்பா ஓட்டிய அம்பாசடர் நிற்கிறது. தோப்புக்குள் பலாப்பழம் எடுத்து வர பிக்கப் ஆக்கலாமா? அதன் சேஸிஸ் நல்ல கனம் என்கிறார்களே?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அம்பாசடருக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. பிரீமியர் பத்மினிக்கும் இல்லை, மாருதி 800க்கும் இல்லை. கூரை, தூண்கள், தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. தீப்பெட்டியின் மேல்தாளைக் கிழித்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கூரையை வெட்டிய கார் என்ன ஆகும் என்று புரியும். வெட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுமை ஏற்றி ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிய பிறகு கதவு சாத்தும்போது இடிக்கும். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேலே விரல் நுழையும், கீழே தாள் நுழையாது. அடுத்து முன் கண்ணாடியில் கீறல் விழும்.

அதனால் வெட்டுவதற்கு முன்பே கட்ட வேண்டும். வண்டியைச் சமதரையில் நான்கு குதிரை (தாங்கு ஸ்டாண்டு) மேல் மட்டம் பார்த்து வையுங்கள். முன்கதவு இரண்டின் வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டியை ஊசியால் குத்திப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அதுதான் முதலில் போகும். ஊசி உள்ளே இறங்கினால் அந்த வண்டியை வெட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

பெட்டி கெட்டியாக இருந்தால் முன்சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை முழுச்சுவர் எழுப்ப வேண்டும். போன கூரையின் வேலையில் பாதியை இனி இந்தச் சுவர்தான் செய்யும். மீதிப் பாதிக்குத் தரையின் அடியில் இரண்டு பக்கமும் பாக்ஸ் பைப் (கட்டம் கட்டமான இரும்புக் குழாய்) ஓட்டி, முன்சீட்டுக்கு அடியிலிருந்து பின் ஸ்பிரிங் கட்டும் இடம் வரை இணைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கூரையில் கிரைண்டர் படலாம்.

அம்பாசடரில் ஒரு நல்லது, பின்சக்கர இழுவை, பின்னால் பிளேட் ஸ்பிரிங். சுமைக்கு ஒத்துவரும். ஆனாலும் 250 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டி, படுக்கை என்று கம்பெனி கணக்குப் போட்ட எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பழம் ஒன்று 12 கிலோ என்றால் இருபது பழம். கூட ஒரு பிளேட் சேர்த்தால் வண்டி தொங்காமல் இருக்குமே தவிர, ஆக்சிலும் பிரேக்கும் பழையதுதான். தோப்பு எல்லையைத் தாண்டி ரோட்டுக்கு ஏறக் கூடாது. காரணம் அடுத்த பதிலில்.

வில்லியனூரிலிருந்து: என்னிடம் இருப்பது பி.ஒய். நம்பர் வண்டி. புதுச்சேரியில் சட்டம் வேறுதானே? மாற்றிவிட்டு ஆர்.டி.ஓ.வில் எழுதிக்கொள்ளலாமா?

வேறு இல்லைங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988 மத்திய அரசின் சட்டம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். பிரிவு 52, வண்டி ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியும் கம்பெனி செய்து கொடுத்தபடியும் இருக்க வேண்டும் என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-யின்படி வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேஸ் கிட் போடுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைப்பது போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. காரைப் பிக்கப் ஆக்குவதற்கு இல்லை.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் கார், ரோட்டில் பிக்கப் என்றால் விபத்து நடந்த அன்று பாலிசி கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? யார் கேட்டாலும் ரோட்டில் ஓட்டுவதற்கு என் பட்டறையில் வெட்டித் தருவதில்லை. ரோட்டு வேலைக்கு டாடா ஏஸ், சூப்பர் கேரி மாதிரி வண்டியைப் பழையதாகவாவது வாங்குங்கள். ஏஸ் 2005ல் வந்தபோதே முக்கால் டன் இழுத்த வண்டி.

நெல்லிக்குப்பத்திலிருந்து: மாருதி 800 மலிவாகக் கிடைக்கிறது. வயலுக்குள் உர மூட்டை ஏற்ற அது போதாதா?

வேண்டாம் என்பேன். வண்டியே சுமார் 650 கிலோதான். இழுவை முன்சக்கரத்தில். பின்னால் மூட்டை ஏற ஏற முன்பக்கம் லேசாகும். ஈர வரப்பில் ஏறும்போது முன்சக்கரம் சும்மா சுற்றும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். காலியாக ஓட்டினாலும் தொல்லைதான். கூரையும் பின்சீட்டும் போன பிறகு பின்பக்கம் கனமில்லை, பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலைத் திருப்பும். ஏறும் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு கம்பெனி பிக்கப்புகள் பலவற்றில் உண்டு. நாம் வெட்டுவதில் அது எங்கே?

புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வெளிநாட்டு வீடியோக்களில் காரை வெட்டி அழகாகப் பிக்கப் செய்கிறார்களே, அங்கே எப்படி முடிகிறது?

நல்ல கேள்வி அம்மா. அமெரிக்க விவசாயிகள் வெட்டியது ஃபோர்டு மாடல் டி மாதிரி தனி சேஸிஸ் உள்ள கார்களை. அதில் பின் பாடியைக் கழற்றினாலும் எலும்பு அப்படியே இருக்கும். 1925ல் ஃபோர்டே மாடல் டி-யைப் பிக்கப் தொட்டியோடு விற்க ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார் என்பார்கள். ஜீலாங் ஆலையில் லூ பேண்ட் வடிவமைத்த அந்த வண்டி 1934ல் வந்தது. அது ஆலையில் கணக்குப் போட்டுச் செய்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்வீடன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் கிடைக்காமல் பழைய கார்களை வெட்டினார்கள். அரசு அதற்கென்று தனி வகையே வைத்தது. வேகம் 30 கிலோமீட்டர், பின்னால் முக்கோணப் பலகை, 15 வயதுப் பிள்ளைகள்கூட உரிமம் எடுத்து ஓட்டலாம். நம் கிராமங்களுக்கும் இப்படி ஒரு வகை, கடுமையான பரிசோதனையோடு, வர வேண்டும் என்பது என் ஆசை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வெல்டர் தம்பி: சாதா ஆர்க் வெல்டிங்கில் செய்யலாமா? டேங்கைக் காலி செய்தால் போதுமா?

காலி டேங்க்தான் ஆபத்து தம்பி, நிறைந்த டேங்கைவிட. அடியில் தங்கும் பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். டேங்கைக் கழற்றி, பைப்பையும் எடுத்து, வெல்டிங் நடக்கும் இடத்துக்கு வெகுதூரம் கொண்டுபோய் வையுங்கள். பேட்டரி வயரையும் கழற்றுங்கள். தரைக்கு அடியில் ஓடும் பிரேக் பைப்பில் தீப்பொறி படாமல் பாருங்கள்.

காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆர்க் ராடு வைத்தால் ஓட்டை விழும். சிஓடூ வெல்டிங்கில் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக வையுங்கள், ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு நெளியும். தொட்டிக்கு மூன்று மில்லி தகடு போடாதீர்கள். நாலுக்கு நாலு அடியில் அதுவே 35 கிலோ. 1.6 மில்லி போட்டால் 19 கிலோதான், அடியில் குறுக்குப் பட்டி கொடுத்தால் தாங்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா: மீன் ஏலக்கூடத்து உள்வளாகத்தில் மட்டும் பெட்டி இழுக்கப் போதுமா?

அக்கா, ஏலக்கூடத்துக்கு நாலு பேர் வந்து போகிறார்கள். பொதுமக்கள் வந்துபோகும் இடம் சட்டத்தில் பொது இடம்தான். அங்கே வேண்டாம். உப்பும் ஐஸ் தண்ணீரும் ஒழுகினால் வெல்டிங் போட்ட ஓரமெல்லாம் சீக்கிரமே பொரிந்துவிடும். கையால் தள்ளும் நான்கு சக்கர வண்டி செய்து தருகிறேன், வாருங்கள்.

விருத்தாசலத்திலிருந்து: முந்திரி பொறுக்க வரும் ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா, தோப்புக்குள்தானே?

கூடவே கூடாது. தொட்டியில் உட்காருபவருக்குப் பெல்ட் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. மெதுவாகப் போகிற வண்டி ஒரு வேரில் ஏறி இறங்கினாலே தலைகீழாக விழுவார்கள். கூலிக்கு வரும் பெண்கள் "இறங்கி நடக்கிறோம்" என்று சொல்லத் தயங்குவார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். செய்து கொடுக்கும் தொட்டியில் "ஆள் ஏறக் கூடாது" என்று பெயிண்டில் எழுதித்தான் அனுப்புகிறேன்.

புதுச்சேரி கடற்கரைப் பக்கமிருந்து: ஓடாத பத்மினியைப் பிக்கப் மாதிரி வெட்டி, கடைக்குள் ஜூஸ் கவுண்டராக வைக்க?

தாராளமாகச் செய்யுங்கள். எஞ்சினை இறக்கி, டேங்கைக் கழற்றிவிடுங்கள். வண்டி இனி ஓடாது என்பதைப் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். வெட்டிய ஓரங்களை உள்பக்கம் மடித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகள் கை வைக்கும் உயரம் அது.