வாசகர் கேள்வி: உயுனிக்கு எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சிலியின் சான் பெட்ரோ டி அட்டகாமாவில் ஜீப் பிடித்து, மூன்று நாளில் பொலிவியாவின் உயுனி உப்புவெளிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். எல்லோரும் தினமும் ஓடுகிறவர்கள். உயரத்தைப் பற்றி ரொம்பப் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் பாதி கவலை திசையை மாற்றினாலே தீர்ந்துவிடும். சான் பெட்ரோ சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது, அங்கே காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்து எல்லைச் சாவடி, அப்புறம் 4,800-க்கும் மேலே இருக்கும் சோல் டி மன்யானா கொதிசேற்றுக் குழிகள், ராத்திரி படுக்கை லகுனா கொலொராடா என்ற சிவப்பு ஏரிப் பக்கம், 4,300 வாக்கில். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தில் சொல்கிற கணக்கு. நீங்கள் முதல் நாளே 1,900 கூட்டுகிறீர்கள். ஓடிப் பழகிய உடம்பு என்பது இதில் கைகொடுக்காது, நல்ல திடகாத்திரமானவர்களும் படுத்துவிடுகிறார்கள்.

நான் இதே தப்பைச் செய்தவன். எங்கள் ஜீப்பிலும் ஆறு பேர். ஒருவருக்கு முதல் நாள் மாலையே தலைவலி, மற்றவர்களுடைய பயணம் கெட்டுவிடக் கூடாது என்று அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை கையுறை போடப் பார்க்கிறார், இரண்டு விரல் ஒரே துளைக்குள் போகிறது, கழற்றி மறுபடி போட்டாலும் அதேதான். ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு காலின் குதிகாலும் மறு காலின் விரல்நுனியும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கிறது என்பதற்கு இந்தத் தள்ளாட்டம் முக்கியமான அறிகுறி. வழியில் எங்கேயும் நிற்காமல் நேராக உயுனிக்கு இறங்கினோம், பிழைத்தார்.

அதனால் பெரு பக்கமிருந்து வாருங்கள். குஸ்கோ 3,400 மீட்டர், விமானத்தில் இறங்கியதும் அங்கே தங்காமல் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயந்தாய்தம்போவுக்கு இறங்கி இரண்டு ராத்திரி தூங்குங்கள். பிறகு குஸ்கோ, டிட்டிகாகா ஏரிக்கரையில் புனோ, லா பாஸ், உயுனி என்று பஸ்ஸில் மெதுவாக வந்தால் 3,600, 3,800 எல்லாம் உடம்புக்குப் பழகியிருக்கும். ஜீப் பயணத்திலும் உயரமான படுக்கை கடைசி ராத்திரிதான், மறுநாள் சான் பெட்ரோவுக்கு இறக்கம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமல் போவதுண்டு என்றால் மறக்காமல் சொல்லுங்கள். கோக்கா இலைத் தேநீர் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் தள்ளாட்டமோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

இன்னொன்று, யாருக்குத் தலைவலி வந்தாலும் அன்றைக்கு மேலே ஏறுவதில்லை என்று ஆறு பேரும் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், பணம் கட்டும்போதே ஓட்டுநர் காதிலும் போட்டுவையுங்கள். முன்கூட்டிப் பேசவில்லையென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: உப்புவெளி கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டுமாமே, அதற்கு எந்த மாதம் போக வேண்டும்?

பதில்: ஜனவரி, பிப்ரவரி. மழைத் தண்ணீர் மெல்லிசாகத் தேங்கி நிற்கும், ஆனால் தண்ணீர் அதிகமானால் நடுவில் கள்ளிச்செடிகள் நிற்கும் இன்காவாசித் திட்டுக்கு ஜீப் போகாது. ஜூன், ஜூலையில் தரை காய்ந்து அறுகோணம் அறுகோணமாக உப்பு வரப்பு எழும்பியிருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ராத்திரி மட்டும் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும், தூங்கும் பையை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்குள் நுழையும் முன் பையில் மிச்சமிருக்கும் பழத்தையும் கோக்கா இலையையும் பொலிவியாவிலேயே விட்டுவிடுங்கள், சோதனையில் பழம் அகப்பட்டால் அபராதம்.