வாசகர் கேட்டவை: மனநல விடுதியின் ஓவியப் பெட்டி

கேள்வி: மனநல விடுதியில் இருப்பவர்கள் வரைந்த படங்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் செய்தித்தாள், மருந்து உறை; பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா. சில மாவுப் பசையால் ஒட்டியவை. லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபடும். செலோடேப்பும் ஆகாது. அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

முதலில் பூச்சியைக் கவனியுங்கள். மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். அரித்த தடம் தெரிந்தால் படத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள்; 24 மணி நேரம் போகட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து ஸ்கெட்ச் பேனா மை பரவிவிடும். ஆயில், அக்ரிலிக் வண்ணப் படங்களுக்கு இந்த முறை கூடாது, வெடிப்பு விழும்.

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் இடையே அமிலமற்ற தாள் வைத்து, பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள். கரி, பாஸ்டல் படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது. ஸ்கெட்ச் பேனா மைதான் முதலில் வெளுக்கும்.

மடிப்பை இஸ்திரி போட்டு நீக்குவதும், கறுப்பை அழுக்கென்று ரப்பரால் தேய்ப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் நாசவேலைகள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் 1909-இல் எம்மா ஹவுக் என்ற நோயாளி தன் கணவருக்கு எழுதிய கடிதங்களில் ‘வா’ என்ற அழைப்பே ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டுத் தாள் கறுத்துக் கிடக்கிறது. அந்தக் கறுப்புதான் கடிதம்.

கேள்வி: வரைந்தவர் பெயரையும் நோயையும் எழுதி வைக்கலாமா?

பதில்: பெயரை அவரிடமே கேளுங்கள். மனநல மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் 1919 முதல் 1921 வரை ஹைடல்பெர்க்கில் மனநல நோயாளிகளின் சுமார் 5,000 படைப்புகளைச் சேர்த்தார். 1922-இல் வந்த அவரது நூலில் முக்கியமான பத்துக் கலைஞர்களுக்கும் புனைபெயர்தான். அதற்கு முந்தைய ஆண்டே சுவிஸ் மருத்துவர் மார்கன்தாலர், தன் நோயாளியான ஓவியர் அடால்ஃப் வோல்ஃப்லியைப் பற்றி அவரது உண்மைப் பெயரைச் சொல்லியே நூல் வெளியிட்டிருந்தார். மறைப்பதும் வெளியிடுவதும் மருத்துவர் முடிவாக இருந்த காலம் அது.

சேமிக்க, காட்சிக்கு வைக்க, அச்சிட, விற்க என்று நான்குக்கும் தனித்தனிச் சம்மதம் வாங்குங்கள். அவர் உடல்நிலை தேறியபின் இன்னொரு முறை கேளுங்கள். மனம் மாறினால் படத்தைத் திருப்பிக் கொடுங்கள். நோயின் பெயர் அட்டையில் வேண்டாம். அதை எழுதிவிட்டால் பார்ப்பவர் படத்தில் நோயைத்தான் தேடுவார். தேதி, அளவு, தாள், மை இவற்றைக் குறித்து, இருபுறமும் படமெடுத்து, பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் எண் மட்டும் இடுங்கள்.

கேள்வி: தலைப்பு நாமே வைக்கலாமா?

பதில்: கூடாது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். சொல்லவில்லையென்றால் ‘தலைப்பில்லை’.