பழைய ரேந்தைப் பாபின்களின் வயதைக் கணிப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகருக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில், பென்சிலைவிட மெலிந்த ஓர் எலும்புக் குச்சியை வாங்கினேன். அதன் அடியில் கண்ணாடி மணிகள் கோத்த கம்பி வளையம் தொங்குகிறது. உடலில் சிவப்பும் நீலமுமான புள்ளிகளால் ‘டியர் மதர்’ என்று எழுதியிருக்கிறது. ரேந்தை (லேஸ்) பின்னும் பாபின் என்றும், நூற்றைம்பது ஆண்டுப் பழையது என்றும் விற்றவர் சொன்னார். அதை நம்பலாமா?

பதில்: ரேந்தை பின்னும் பாபின் என்பதில் ஐயமில்லை. நீங்கள் விவரிப்பது பெட்ஃபோர்டுஷயர், பக்கிங்ஹாம்ஷயர், நார்த்தாம்ப்டன்ஷயர் ஆகிய மாவட்டங்களில் வழங்கிய வகை. மணிவளையத்தைச் சேர்க்காமல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கழுத்தில் நூலைச் சுற்றி, தலையில் ஒரு சுருக்குப் போட்டு நிறுத்தி, திண்டின் மேல் குத்திய ஊசிகளைச் சுற்றி இந்தப் பாபின்களை இணையிணையாக மாற்றியும் முறுக்கியும் பின்னுவார்கள். வளையத்தின் எடை நூலை விறைப்பாக வைத்திருக்கும். பாபின் திண்டின் மேல் உருண்டு ஓடாமலும் தடுக்கும்.

வயதைப் பொறுத்தவரை, விற்றவரின் சொல்லையும் அந்த மணிவளையத்தையும் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, எலும்புத் தண்டிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கண்ணைக் கவரும் மணிகளைப் பார்த்து மயங்கி, அவற்றின் வயதையே பாபினின் வயதாக எடுத்துக்கொள்கிறார்கள். பித்தளைக் கம்பி காலப்போக்கில் அரித்து அறுந்துபோகும். பின்னுகிறவர் புதுக் கம்பியில் மணிகளை மறுபடி கோத்துக்கொள்வார். உடைந்த மணிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த பொத்தானையோ சிப்பியையோ சேர்ப்பார். ஆகவே பழைய தண்டில் புது வளையமும் இருக்கலாம், பழைய மணிகள் நேற்றுக் கடைந்த தண்டிலும் தொங்கலாம்.

முதலில் அது எலும்புதானா என்று பாருங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று போதும். இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்துளைகள் எலும்பின் நீளவாக்கில் மெல்லிய கரிய கீற்றுகளாகவும், குறுக்கே வெட்டுப்பட்ட முனையில் சிறு புள்ளிகளாகவும் தெரியும். யானைத் தந்தத்தில் இவை இருக்கமாட்டா. அதன் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். பிசினால் வார்த்த போலியில் இந்த இரண்டுமே இல்லாமல், எங்காவது அச்சுப் பொருத்திய கோடோ காற்றுக் குமிழோ தென்படும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும்படி சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பொருள் உண்மையானதாக இருந்தால், திருத்தவே முடியாத வடுவை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

அடுத்தது தேய்மானம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஏனெனில் நிறத்தைத் தேநீரிலோ காப்பியிலோ ஊறவைத்து ஒரே நாளில் வரவழைத்துவிடலாம். ஆனால் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் கையாண்டதால் வரும் தேய்மானத்தை, அது விழ வேண்டிய இடங்களில் மட்டும் விழச் செய்வது எளிதல்ல. விரல்கள் பிடிக்கும் நடுத்தண்டில் மெருகு கூடியிருக்க வேண்டும். அங்கே எழுத்துகளின் சாயமும் ஓரளவு மங்கியிருக்க வேண்டும். தலையின் விளிம்பில், சுருக்கு உராய்ந்த இடம் மழுங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட, வளையக் கம்பி நுழையும் அடித்துளையைப் பாருங்கள். கம்பி இடைவிடாமல் இழுபட்டதால் துளை வட்டமாக இல்லாமல், முனையை நோக்கிச் சற்று நீண்டிருக்கும்; எலும்பானால் பித்தளையின் பச்சைக் களிம்பும் அதன் விளிம்பில் ஊறியிருக்கும். உடல் முழுவதும் ஒரே சீரான பழுப்பு நிறம், ஆனால் அடித்துளை மட்டும் துரப்பணம் போட்ட அன்றைக்கு இருந்ததுபோல் கூர்விளிம்போடு இருக்கிறது என்றால் ஐயம் கொள்ளக் காரணம் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அன்பளிப்பாகக் கிடைத்த பாபினைப் பயன்படுத்தாமல் போற்றி வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். எனவே தேய்மானம் இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. அப்படிப்பட்ட பாபினில் எழுத்தும் கடைசலும்தான் சான்று சொல்ல வேண்டும்.

எழுத்துகளுக்கு வருவோம். கடைசல்காரர் கூர்முனையால் ஒவ்வொரு புள்ளியையும் கையாலேயே குடைந்து, குழிகளில் சாயத்தைத் தேய்த்து நிரப்பினார். ஆதலால் பழைய எழுத்தில் குழிகளின் ஆழமும் இடைவெளியும் சிறிது சிறிதாக வேறுபடும்; எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும்; இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருங்கி நிற்பதும் உண்டு. மின்துரப்பணத்தால் இட்ட குழிகள் ஒரே அளவில் வட்டமாக அமையும். பூதக்கண்ணாடியில், குழியின் ஓரத்தில் சாயம் உதிர்ந்து உள்ளே மட்டும் தங்கியிருப்பதும் நல்ல அறிகுறி. தாய், தந்தை, காதலர் பெயர்களும், திருமண வேண்டுகோள்களும், விவிலியச் சொற்களும் அக்காலத்தில் மிகச் சாதாரணமாக எழுதப்பட்டவை. ஆகவே ‘டியர் மதர்’ என்ற சொல் உங்கள் பாபினுக்கு எதிராகவும் இல்லை, தனிச் சான்றாகவும் இல்லை.

எழுத்துப் பொறித்த எலும்புப் பாபின்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1808-09இல் காப்புரிமை பெற்ற வலைப்பின்னல் இயந்திரமும், அதன் பின் வந்தவையும் கைப்பின்னலை மெல்ல மெல்ல வீழ்த்தின. நூற்றாண்டின் முடிவில் தொழில் நலிந்துவிட்டது. பிறகு 1970களில் பொழுதுபோக்காகவும் கலையாகவும் அது மறுமலர்ச்சி பெற்றது. பிரிட்டனின் ‘லேஸ் கில்டு’ அமைப்பு 1976இல் தோன்றியது. அந்த ஆர்வலர்களுக்காகப் புதிய கடைசல்காரர்கள் பழைய பாணியிலேயே அருமையான பாபின்களைச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். அவை போலிகள் அல்ல. பலர் அடிப்பக்கத்தில் தம் பெயரெழுத்தையோ ஆண்டையோ இடுவதுண்டு. இடைத்தரகர் ஒருவர் அந்த அடையாளத்தைச் சுரண்டி எடுத்துப் பழையதென விற்கும்போதுதான் மோசடி பிறக்கிறது. எனவே அடிப்பகுதியில் ஓரிடம் மட்டும் புதிதாகத் தேய்க்கப்பட்டிருந்தால் அதைக் கூர்ந்து பாருங்கள்.

இத்தனையும் ஒன்றோடொன்று இசைந்து வந்தால் விற்றவர் சொன்ன வயது நம்பத்தக்கது. ஒன்று மட்டும் முரண்பட்டால் அதற்குக் காரணம் தேடுங்கள். இரண்டு மூன்று முரண்பட்டால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஐயம் தீராவிட்டால், பெட்ஃபோர்டிலேயே உள்ள ஹிக்கின்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. உண்மையான பாபின்களை நிறையப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஈடான சோதனை வேறில்லை.

கேள்வி: இணையத்தில் ஒருவர், ‘ஜோசப் காசில் ஹங் 1860’ என்று பொறித்த பாபினைப் பெருவிலைக்கு விற்பனைக்கு வைத்திருக்கிறார். தூக்குத் தண்டனையைப் பற்றிப் பாபினில் எழுதுவார்களா? ஆண்டே இருக்கிறதே, வயதில் ஐயம் இருக்க முடியுமா?

பதில்: எழுதினார்கள். பெட்ஃபோர்டில் நடந்த தூக்குத் தண்டனைகள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன; அவற்றின் நினைவாகப் பெயரும் ஆண்டும் பொறித்த பாபின்கள் விற்கப்பட்டன. லூட்டனில் தன் மனைவியைக் கொன்றதற்காக ஜோசப் காசில் 1860இல் தூக்கிலிடப்பட்டார். 1843இல் சாரா டேஸ்லி, 1868இல் வில்லியம் வோர்ஸ்லி ஆகியோரின் பெயர்களிலும் பாபின்கள் உண்டு. வோர்ஸ்லியினுடையதே அந்நகரில் பொதுமக்கள் முன்னிலையில் நிறைவேற்றப்பட்ட கடைசித் தண்டனை. அந்த ஆண்டிலேயே பொதுவெளித் தூக்கு சட்டப்படி ஒழிந்தது. இருந்தும், 1871இல் சிறைச் சுவருக்குள் தூக்கிலிடப்பட்ட வில்லியம் புல்லின் பெயரிலும் பாபின் செய்யப்பட்டது. ஒரு மனிதனின் சாவைப் பெண்கள் தம் அன்றாடப் பிழைப்புக் கருவியில் சுமந்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. எனினும் அந்த ஊர்களின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

ஆனால் பொறித்த ஆண்டு நிகழ்ச்சியின் ஆண்டே தவிர, பாபின் பிறந்த ஆண்டு என்பதற்கு உறுதி இல்லை. பிறந்தநாளையோ இறந்தநாளையோ பின்னாளில் பொறித்துக்கொண்டவர்களும் உண்டு. மேலும், எந்த எழுத்துக்குச் சேகரிப்பாளர்கள் மிகுந்த விலை கொடுக்கிறார்களோ அந்த எழுத்தைத்தான் பொய்யர் பொறிப்பார். பழைய, எழுத்தில்லாத, உண்மையான எலும்புத் தண்டை எடுத்து அதில் புதிதாகப் பொறிப்பது அவருக்கு மிக வசதியான வழி. தண்டின் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிடும்! இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எழுத்துக்கும் தேய்மானத்துக்கும் உள்ள வரிசையைப் பார்ப்பதுதான். முதலில் எழுதி, பிறகு பயன்படுத்தியிருந்தால் மெருகு குழிகளின் விளிம்புவரை வழுவழுப்பாகப் பரவியிருக்கும். விரல் படும் இடத்தில் எழுத்து மங்கியிருக்கும். தேய்ந்த பிறகு எழுதியிருந்தால், மெருகேறிய பரப்பைக் குழி திடீரென்று வெட்டிக்கொண்டு நிற்கும். குழியின் உட்சுவரில் எலும்பு வெளுத்துத் தெரியும். பழைய கீறல் ஒன்று எழுத்தின் மேல் தொடராமல் எழுத்தால் துண்டிக்கப்பட்டிருக்கும்.

எழுத்துமுறையும் உதவும். டீன்ஷாங்கர் ஊரின் ஜெஸ்ஸி காம்ப்டன், அவர் மகன் ஜேம்ஸ், கிரான்ஃபீல்டின் வில்லியம் பிரவுன், லெய்டன் பஸ்ஸர்டின் ஹாஸ்கின்ஸ் குடும்பத்தார், பெட்ஃபோர்டின் ஆர்ச்சிபால்டு அபட் முதலிய கடைசல்காரர்களின் கைவேலையை, எழுத்தின் வடிவம், தலையின் கடைசல், அடிமுனையின் திரட்சி ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் பிரித்தறிந்திருக்கிறார்கள். ஒருவர் பாணித் தலையில் இன்னொருவர் பாணி எழுத்து இருந்தால் அது பெரும் எச்சரிக்கை. ஒளிப்படத்தை மட்டும் பார்த்து இந்தப் பாபினை வாங்காதீர்கள். தலை, அடித்துளை, எழுத்து மூன்றுக்கும் அண்மைப் படங்கள் கேளுங்கள்; தர மறுத்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள மரப் பாபினில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு பள்ளத்தில் மட்டும் சாம்பல் நிற உலோகம் எஞ்சியிருக்கிறது. உலோகத்தை மறுபடி ஊற்றிச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். அது பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவை. பட்டை பட்டையாக இருந்தால் ‘புலி’ என்றும், புள்ளிகளாக இருந்தால் ‘சிறுத்தை’ என்றும், சிறகுபோல் விரிந்திருந்தால் ‘பட்டாம்பூச்சி’ என்றும் அந்தப் பாபின்களை அழைத்தார்கள். பழைய பியூட்டர் அரித்துப் பொடிந்து உதிர்வது வழக்கம். உங்கள் பாபினின் வயதுக்கு அந்தக் காலிப் பள்ளங்களே வலுவான சான்று. அவற்றை நிரப்பினால் சான்று போய்விடும்.

கேள்வி: ஹானிட்டன் பாபின் என்ற பெயரில், கூர்முனை கொண்ட மரப் பாபின் ஒன்றை மணிவளையத்தோடு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டெவன் மாவட்டத்து ஹானிட்டன் ரேந்தையில் தனித்தனி மலர்களையும் இலைகளையும் பின்னி இணைப்பார்கள். அப்போது முடிந்த பகுதியின் துளை வழியாக ஒரு நூலைக் கொக்கியால் கண்ணிபோல் வெளியே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் மற்றொரு பாபினை முழுதாக நுழைத்து எடுக்க வேண்டும். அதற்காகவே பாபின் வழுவழுப்பாகவும் முனை கூர்மையாகவும் இருக்கிறது. மணி தொங்கினால் கண்ணியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே விலையைக் கூட்ட யாரோ பின்னாளில் துளையிட்டு மணி கோத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். தண்டு பழையதாக இருக்கலாம். ஆனால் சிதைக்கப்பட்ட பழமைக்கு முழு விலை தர வேண்டியதில்லை.

கேள்வி: நாகர்கோவிலைச் சேர்ந்த எங்கள் வீட்டில், பாட்டி ரேந்தை பின்னிய மரப் பாபின்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. மணி எதுவும் இல்லை. வெள்ளைக்கார அம்மையார்கள் கொண்டுவந்தவை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

பதில்: தொழிலின் மரபு அப்படித்தான் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து சென்ற இடையன்குடியிலும் அந்தக் கைத்தொழிலை வளர்த்தார். ஆனால் தொழில் வந்த வழியும் உங்கள் பெட்டியிலுள்ள குச்சிகள் வந்த வழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல தலைமுறைகள் பின்னிய ஊரில், உள்ளூர்க் கடைசல் பட்டறையிலேயே பாபின்களைச் செய்துகொள்வது இயல்பு. மணி இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஐரோப்பாவின் பல நாட்டுப் பாபின்களுக்கும் மணி கிடையாது.

மரத்தை ஒரு தச்சரிடம் காட்டுங்கள். தேக்கு, கருங்காலி போன்ற நம் பக்கத்து மரமானால் இங்கே கடைந்தது என்பதற்கே வாய்ப்பு மிகுதி. பிளம், செர்ரி, பாக்ஸ் மரமானால் கடல் கடந்து வந்திருக்கலாம். எல்லாம் ஒரே வடிவமா, வெவ்வேறு கைகள் கடைந்தவையா என்றும் வகைப்படுத்திப் பாருங்கள். நாகர்கோவிலில் கடைந்தவை என்று தெரியவந்தால் ஏமாற்றம் அடைய வேண்டாம். இங்கிலாந்துப் பாபின்களுக்கு அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் ஏராளம். நம் ஊர்ப் பெண்கள் கையாண்டவற்றுக்கோ உங்கள் வீட்டைப்போன்ற வீடுகள்தாம் காப்பிடம்.

அவற்றைத் தண்ணீரில் கழுவாதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். நூல் எஞ்சியிருந்தால் அவிழ்க்காமல் விடுங்கள். பெட்டியில் ஊசி குத்திய பழைய அட்டைகள் கிடந்தால் பாபின்களோடு சேர்த்தே வையுங்கள். அவற்றின் துளைகளைக் கொண்டு பாட்டி பின்னிய ரேந்தையின் கோலத்தையே மீட்டெடுக்கலாம். பின்னத் தெரிந்த மூத்த உறவினர் யாராவது இருந்தால், அவருடைய நினைவுகளை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி, ஊரும் ஆண்டும் குறித்து அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.