விடுபட்டவற்றின் பட்டியல்

கேள்வி: நான் பலமுறை விரும்பிப் படித்த நாவல் ஒன்று அண்மையில் திரைப்படமாக வந்தது. பாத்திரங்களில் பாதிப் பேரைக் காணவில்லை, முடிவையே மாற்றிவிட்டார்கள். படத்தில் இடம்பெறாத காட்சிகளைப் பட்டியலிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு நூலைப் படமாக்குகிறவர் அந்த நூலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டாமா? எழுத்தாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு காட்சியைக்கூட மாற்றக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன? இவ்வளவு நடந்தும் அந்த எழுத்தாளர் வாய் திறக்காமல் இருப்பது ஏன்?

பதில்: உங்கள் பட்டியலை முழுவதுமாகப் படித்தேன். நாவலை நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. படம் மோசமானது என்பதற்கு மட்டும் அதில் சான்று எதுவும் இல்லை. எவையெல்லாம் விடுபட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அவை விடுபட்டதால் படத்தில் எந்த இடம் விளங்காமல் போயிற்று, எந்தப் பாத்திரத்தின் செயல் காரணமின்றித் தொங்குகிறது, முடிவு ஏன் நம்பும்படியாக இல்லை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நாவலைப் படிக்காத ஒருவர் அதே அரங்கில் உங்களுக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்து படம் பார்த்திருப்பார். அவருக்கு என்ன குறை தெரிந்தது என்பதுதான் படத்தைப் பற்றிய கேள்வி. உங்களுடையது உங்கள் நினைவைப் பற்றிய கேள்வி.

நானூறு பக்க நாவலை நிதானமாக உரக்கப் படித்தால் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். படத்துக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். எதையும் விட மனமில்லாதவருக்கு என்ன நேரும் என்பதையும் திரைப்பட வரலாறு காட்டியிருக்கிறது. ஃபிராங்க் நாரிஸ் எழுதிய ‘மெக்டீக்’ நாவலை எரிக் வான் ஸ்ட்ரோஹைம் மிக விரிவாகப் படமாக்கினார். முதல் வடிவம் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடியது. தயாரிப்பு நிறுவனம் அதைத் துண்டு துண்டாக வெட்டி, 1924இல் ‘கிரீட்’ என்ற பெயரில் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாக வெளியிட்டது. வெட்டி எறிந்த பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. எதை விடுவது என்று இயக்குநர் தீர்மானிக்காவிட்டால் அதை வேறொருவர் தீர்மானிப்பார், அவ்வளவுதான்.

எழுத்தாளர் கையில் கத்திரியைக் கொடுத்தால் ஒன்றும் விடுபடாது என்று நம்புகிறீர்கள் போலிருக்கிறது. ‘காட்ஃபாதர்’ படத்தின் திரைக்கதையை இயக்குநர் கொப்போலாவுடன் சேர்ந்து எழுதியவர், நாவலை எழுதிய மரியோ புஸோவேதான். நாவலில் பக்கம் பக்கமாக வரும் பாடகர் ஜானி ஃபோன்டேனின் கதை படத்தில் சில காட்சிகளாகச் சுருங்கியது. கதையின் மாஃபியா தலைவரான மூத்த கார்லியோனியின் இளமைக் காலம் 1972இல் வந்த முதல் படத்தில் இல்லை. அது 1974இல் வந்த இரண்டாம் படத்துக்குப் போயிற்று. தாம் எழுதியதைத் தாமே வெட்டிய அந்தத் திரைக்கதைக்காகப் புஸோ ஆஸ்கர் விருதும் பெற்றார்.

காட்சிகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டியலில் அதைக் காணோம். நாவலில் நம்மைக் கூட்டிச் செல்வது கதை சொல்லும் குரல். ஒரு மனிதர் கதவைத் திறக்கிறார் என்று எழுதும்போதே அவர் கோழையா, களைத்தவரா, எதையோ மறைப்பவரா என்பதை அந்தக் குரல் நம் காதில் போட்டுவிடுகிறது. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அது கதவையும் கையையும் முகத்தையும் காட்டும், மற்றதை நடிகரும் வெளிச்சமும் ஒலியும் படத்தொகுப்பும் சேர்ந்து உண்டாக்க வேண்டும். இது முடியாத இயக்குநர்தான் நாவலின் வரிகளை அப்படியே எடுத்துப் பின்னணிக் குரலில் ஓடவிடுகிறார். விசுவாசத்தை அளப்பவர்கள் இத்தகைய படங்களுக்கே நல்ல மதிப்பெண் போடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. கொலை செய்துவிட்ட ஒரு சிறுவன் தன் தந்தையோடு மறைந்து திரியும் நாட்களே நாவல். நாம் பெரும்பாலும் அந்தச் சிறுவனின் பக்கத்திலேயே இருக்கிறோம். அதிலிருந்து பிறந்த ‘அசுரன்’ 2019இல் வந்தபோது மையம் தந்தையிடம் மாறிவிட்டது. அவருக்கு நாவலில் இல்லாத நீண்ட முன்கதை ஒன்றும் வந்து சேர்ந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முன்கதையின் சினத்தில் படத்துக்குச் சொந்தமான ஒரு நியாயம் இருக்கிறது. எனக்குள்ள குறை வேறு: தந்தை எவரையும் அடித்து வீழ்த்தும் வீரராகிவிட்ட பிறகு, நாவல் முழுவதும் புழுக்கமாகக் கூடவே வரும் அச்சம் படத்தில் தணிந்துவிடுகிறது. எந்தக் காட்சியைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்ற கணக்கில் இது அகப்படாது. விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தும் பார்த்தும் ஒப்பிட்டால், மூலத்திலிருந்து படம் எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பது தெரியும். ஆயினும் மகேந்திரன் புதுமைப்பித்தனின் பெயரை மறைக்கவில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) இன்னும் துணிச்சலானது: எழுத்தாளர் அகுதாகவாவின் ஒரு சிறுகதையிலிருந்து பெயரையும் பாழடைந்த வாயிலையும் எடுத்துக்கொண்டு, இன்னொரு சிறுகதையிலிருந்து கொலையையும் முரண்படும் சாட்சியங்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் இல்லாத கைவிடப்பட்ட குழந்தையைக் கடைசியில் கொண்டுவந்து வைத்தது. உங்கள் அளவுகோலின்படி இவ்விரண்டும் பெருங்குற்றங்கள்.

முழு விசுவாசத்துக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் 1980இல் எடுத்த ‘தி ஷைனிங்’ தம் நாவலைக் கைவிட்டுவிட்டதாக ஸ்டீபன் கிங் வெளிப்படையாகவே குறைகூறி வந்தார். பின்னர் அவரே திரைக்கதை எழுத, 1997இல் அது தொலைக்காட்சித் தொடராக, நாவலுக்கு மிக நெருக்கமாக வந்தது. இன்று திரைப்படக் கல்லூரிகளில் காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசப்படுவது இவற்றில் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கிற அளவுக்கு இல்லை என்றாலும், தேவையான அளவுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நூலைப் படமாக்கும் உரிமை ஆசிரியருடையது; அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு உரியது. உரிமையை விற்ற பிறகும், தம் மதிப்புக்கு ஊறு விளைவிக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையை அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு அவரிடமே விட்டுவைக்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி ‘ஆப் கா பண்ட்டி’ என்ற தம் நாவலின் படத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 1986இல் இப்பிரிவை ஆராய்ந்தது. திரைக்கு ஏற்ற மாற்றங்களுக்கு இடமுண்டு, ஆனால் மூலத்தை உருக்குலைக்க இடமில்லை என்பதே அத்தீர்ப்பின் போக்கு. ஒவ்வொரு காட்சிக்கும் கையெழுத்து வேண்டும் என்றால், படப்பிடிப்பில் மழை பெய்து ஒரு காட்சியை வீட்டுக்குள் மாற்றுவதற்குக்கூட எழுத்தாளரைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

உங்கள் கோபத்துக்கு உண்மையான இலக்குகள் உண்டு. கதையை எடுத்துக்கொண்டு பெயரைப் போடாமல் விடுவது, நூலின் புகழுக்காகத் தலைப்பை மட்டும் வாங்குவது, நட்சத்திரத்தின் வயதுக்கும் தோரணைக்கும் தக்கபடி பாத்திரத்தை வளைப்பது ஆகியவற்றைப் பற்றி எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

எழுத்தாளர் வாய் திறக்காததற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திட்டவர் அவர். தம் நூல் கடைகளில் ஒரு வரியும் மாறாமல் கிடைப்பதை அறிந்தவரும் அவர். அவருடைய மௌனத்தை நீங்கள் மனக்கசப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்குப் படம் பிடித்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?